சுகாதாரத் தொழில்நுட்ப மதிப்பீடு பயிலப் புகுவார்க்கு

பெயரைக் கேட்ட அளவிலேயே கற்பாரை அஞ்சி அகலச் செய்யும் துறைகள் சில உள. அவற்றுள் ஒன்று சுகாதாரத் தொழில்நுட்ப மதிப்பீடு என்பது. மூன்று நெடுஞ்சொற்கள் ஒன்றன்பின் ஒன்றாக நின்று வாயிலை அடைத்துக்கொண்டிருத்தலின், உள்ளே இருப்பது யாதென எட்டிப் பார்க்கவும் பலர் துணிவதில்லை. மருத்துவம் பயில்வார் இது பொருள்நூலார்க்கு உரியதென விடுக்கின்றனர். பொருள்நூல் பயில்வார் மருத்துவர்க்கு உரியதென விடுக்கின்றனர். தமிழ் பயிலும் நம்மனோரோ அவ்விரு திறத்தார்க்கும் உரியதென்று வாளா இருக்கின்றோம். ஆயின் நோயும் செலவும் எல்லார் இல்லத்தினும் புகுவன. அவ்விரண்டும் எதிர்ப்படும் இடத்தை ஆராயும் இக்கலையின் முதற்படியையேனும் அறிந்திருத்தல் யாவர்க்கும் வேண்டுவதே. இதனைப் புதிதாகப் பயிலப் புகுவார் எங்கே தொடங்குவது, எதனை முன்னும் எதனைப் பின்னும் படிப்பது, எவ்விடத்தில் இடறாமற் காத்துக்கொள்வது என்பனவற்றை யாம் அறிந்த அளவிற் கூறப் புகுகின்றோம்.

முதற்கண் சொற்பொருள் காண்போம். தொழில்நுட்பம் என்றவுடன் எக்ஸ்ரே, ஸ்கேன் முதலிய பொறிகளே நம் நினைவுக்கு வரும். இத்துறையில் அச்சொல்லின் பொருள் மிக விரிந்தது. மாத்திரையும் ஊசியும் தடுப்பு மருந்தும், கண்புரை நீக்கிய பின்னர் உள்ளே வைக்கும் வில்லையும், அறுவை முறையும், ஊர்தோறும் சென்று நோய் உளதா என நாடும் ஏற்பாடும் அதனுள் அடங்கும். நோயாளியை மருத்துவமனையிற் சேர்த்துப் பேணுவதா, வீட்டில் வைத்தே பேணுவதா என்னும் முறையும்கூட இங்கே ஒரு தொழில்நுட்பமே. மதிப்பீடாவது, இவற்றுள் ஒன்றை ஒரு நாட்டார் பொதுப்பணங் கொண்டு வாங்கி வழங்குதல் தகுமா, தகுமாயின் எவர்க்கு, என்ன விலைக்கு என்பதனைச் சான்றுகளைத் திரட்டி, யாவரும் காணத்தக்க நெறியில் ஆராய்ந்து, முடிவு செய்வார்க்கு எடுத்துரைப்பது. முடிவு செய்தல் வேறு, முடிவுக்கு வேண்டுவன உரைத்தல் வேறு என்பதைக் கற்பார் தொடக்கத்திலேயே மனத்திற் கொள்வாராக.

திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தை முடிக்குமிடத்து மருத்துவத்தின் உறுப்புக்களை நான்கெனக் கணக்கிட்டார்: நோயாளி, மருத்துவன், மருந்து, அருகிருந்து துணை செய்வோன். நம் காலத்தில் ஐந்தாம் உறுப்பு ஒன்று வந்து சேர்ந்திருக்கின்றது. அதுதான் பணங் கொடுப்போன். அவன் சில நாடுகளில் அரசு. சில நாடுகளிற் காப்பீட்டுக் கழகம். நம் நாட்டிலோ பல சமயங்களில் நோயாளியின் குடும்பமே. நகையை அடகு வைத்தும் நிலத்தை விற்றும் ஒரு குடும்பத்தார் வாங்கும் புதுமருந்து, பழைய மருந்தினும் உண்மையில் எவ்வளவு மிகுதியாக நன்மை செய்கின்றது? இவ்வினாவை வினவுதற்கு அந்நேரத்தில் அவர்க்கு மனமும் இராது. விடை கூறுவாரும் இரார். அவர் பொருட்டு முன்னதாகவே அமர்ந்து, பதற்றமின்றி, அவ்வினாவை வினவி வைப்பதே இக்கலையின் தொழில்.

மருந்தை விற்க இசைவு தரும் அதிகாரிகள் இதனைச் செய்வதில்லையோ என்று சிலர் ஐயுறலாம். அவர் நாடுவன மூன்று: சரக்குத் தூய்மையாகச் செய்யப்பட்டதா, அதனால் விளையும் தீங்கு பொறுக்கத் தக்கதா, அது வேலை செய்கின்றதா என்பன. மருந்தே இல்லாத வெறு மாத்திரையை வென்றுவிட்டால் மூன்றாம் வினாவில் ஒரு மருந்து பெரும்பாலும் தேறிவிடும். முன்னரே வழங்கும் மலிவான மருந்தினும் அது சிறந்ததா என்பது அங்கே எப்போதும் கேட்கப்படுவதில்லை. அதனாலேதான் இம்மதிப்பீட்டை நான்காம் தடை என்று அறிஞர் குறிப்பர்.

நிற்க. எங்கே தொடங்குவது? திண்ணைப் பள்ளிகளிற் சிறுவர்க்கு முதலில் நிகண்டை நெட்டுருச் செய்வித்த காலம் ஒன்று இருந்தது. இத்துறைக்கும் நிகண்டு ஒன்று உண்டு. பன்னாட்டு மதிப்பீட்டுக் கழகங்கள் கூடித் தொகுத்த சொற்களஞ்சியம் அது. இணையத்தில் விலையின்றிக் கிடைக்கும். பெரிதும் பயன்படுவதே. ஆயினும் அதனிற் தொடங்குதல் வேண்டா என்பது எம் துணிபு. இலக்கியத்தைக் காணாமல் இலக்கண விதிகளை மட்டும் பாராட்டுவான் போல, வரையறைகளை மாத்திரம் அறிந்தவன் சொல்லை அறிவான், வழக்கை அறியான். ஆதலின் புகுவார் முதலில் ஒரே ஓர் ஆராய்ச்சியை எடுத்துக்கொண்டு அதனை அடிமுதல் நுனிவரை அறிந்துகொள்ளல் நலம். அதற்கு அயல்நாடு செல்ல வேண்டுவதில்லை. நம் சென்னையிலேயே உலகம் போற்றும் எடுத்துக்காட்டு ஒன்று உளது.

காசநோய்க்குத் தக்க மருந்து காணப்படாத நாளில், நல்ல காற்று, ஓய்வு, ஊட்டமான உணவு இவையே மருந்தெனக் கொண்டு நோயாளரைத் தனி நிலையங்களிற் பல திங்கள் வைத்துப் பேணினர். சானடோரியம் என்பது அந்நிலையங்களின் பெயர். 1928-ஆம் ஆண்டில் மருத்துவர் சௌரி முத்து தாம்பரத்தருகே அமைத்த நிலையத்தின் பெயரை அங்குள்ள புகைவண்டி நிலையம் இன்றும் தாங்கி நிற்கின்றது. பின்னர் மருந்துகள் வந்தன. வந்த பின்னரும், நோயாளியை நிலையத்திற் சேர்த்தே மருந்து கொடுத்தல் வேண்டும் என்னும் எண்ணம் மருத்துவருலகில் வேரூன்றியிருந்தது. நம் நாட்டிலோ நோயாளர் பல இலக்கம். படுக்கைகள் மிகச் சில. படுக்கைக்குக் காத்திருப்போர் வீட்டிலேயே இருமிக்கொண்டு கிடந்தனர். நிலையங்களை மேலும் மேலும் கட்டுவதா, அன்றி வீட்டில் வைத்தே மருந்து கொடுப்பதா என்பது அந்நாளில் எழுந்த வினா.

இவ்வினாவை ஆராய்தற்கென்று 1956-ஆம் ஆண்டில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும், சென்னை அரசாங்கமும், உலக சுகாதார நிறுவனமும், பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் கூடிச் சென்னையில் ஒரு நடுவம் கண்டன. இந்நாளில் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக வளர்ந்திருப்பது அதுவே. நகரத்தின் வறிய மக்களுள் நோயுற்றார் இருநூற்றுக்குச் சற்றே குறைந்த தொகையினரைத் தெரிந்து, அவரை இரு பகுதியாகப் பிரித்தனர். எவர் எப்பகுதியிற் சேர்வது என்பதை மருத்துவர் தம் விருப்பால் தீர்மானிக்கவில்லை. குலுக்கலைப் போன்ற தற்செயல் முறைக்கே விட்டனர். ஒரு பகுதியார் நிலையத்திற் சேர்ந்து ஓய்வும் நல்லுணவும் செவிலியர் துணையும் பெற்றனர். மற்றைப் பகுதியார் நெருக்கமான தம் வீடுகளிலேயே, தம் வறிய உணவையே உண்டு, தம் மக்களோடே வாழ்ந்தனர். இரு பகுதியார்க்கும் ஓராண்டுக் காலம் கொடுத்த மருந்து ஒன்றே. வீட்டிலிருப்பார் மருந்தை உண்மையாக உட்கொள்கின்றனரா என்பதனை வீட்டிற்குச் சென்று கண்டும் சிறுநீரைச் சோதித்தும் தெளிந்தனர்.

1959-ஆம் ஆண்டில் முடிவு வெளியாயிற்று. நிலையத்தில் இருந்தோர் உடல் எடையில் மிகுந்தனர் என்பது மெய். ஆனால் நோய்க்கிருமி நீங்கிக் குணமடைந்தோர் தொகையில் இரு பகுதியார்க்கும் குறிப்பிடத்தக்க வேற்றுமை இல்லை. வீட்டில் நோயாளியோடு உறைந்த சுற்றத்தார்க்கு அதனால் நோய் மிகுதியாகத் தொற்றியதோ எனின், அதுவும் இல்லை. ஐந்தாண்டு தொடர்ந்து நோக்கியபோதும் இம்முடிவு மாறவில்லை. உலகின் பல நாடுகளிலும் காசநோய் நிலையங்கள் மெல்ல மெல்ல மூடப்பட்டு, வீட்டிலிருந்தே மருந்துண்ணும் முறை பரவியதற்கு இவ்வாராய்ச்சி பெரியதொரு காரணமாயிற்று.

இவ்வொன்றைக் கற்றவன் இத்துறையிற் பாதியைக் கற்றவனாவான் என்று கூறின் அது மிகையாகாது. எவ்வாறெனின், இதன்கண் 'வீட்டு மருத்துவம் நல்லதா?' என்று எவரும் வினவவில்லை. 'நிலையத்து மருத்துவத்தோடு ஒப்பிட வீட்டு மருத்துவம் எத்தகையது?' என்றே வினவினர். ஒப்பிடு பொருள் இன்றி நன்மை தீமை பேசுதல் எடைக்கல் இன்றித் தராசு பிடித்தலை ஒக்கும். அடுத்து, எதனை அளப்பது என்பதை அவர் முன்னரே வரையறுத்தனர். உடல் எடையை அளவுகோலாகக் கொண்டிருப்பின் நிலையமே வென்றிருக்கும். கிருமி நீக்கத்தை அளவுகோலாகக் கொண்டமையின் வீடு சமமாயிற்று. ஓர் அறிக்கை எதனை அளந்தது என்று காணாமல் அதன் முடிவை மட்டும் ஏற்பவன் ஏமாறுவான். இன்னும், நோயாளியை மாத்திரம் நோக்காது அவன் சுற்றத்தாரையும் நோக்கினர். கற்பார் ஓர் எச்சரிக்கையும் கொள்க. மருந்து உட்கொள்ளுதலைக் கண்காணித்த இடத்திற் கிடைத்த முடிவு அது. கண்காணிப்பு இல்லாத ஊருக்கு அதனை அப்படியே பெயர்த்து நடலாகாது. ஒரு நாட்டு மதிப்பீட்டை மற்றொரு நாட்டிற் பயன்படுத்துவார் எல்லாரும் முட்டிக்கொள்ளும் இடம் இதுவே.

சென்னை ஆராய்ச்சியில் இரு முறையும் ஒத்த பயனைத் தந்தமையாற் கணக்கு எளிதாயிற்று. பயன் ஒத்தவழிச் செலவு குறைந்ததனைக் கொள்ளலாம். புதியது சிறிது மிகுதியான பயனும் பெரிது மிகுதியான செலவும் உடையதாயின் யாது செய்வது? இங்கேதான் எண்கள் புகுகின்றன. அஞ்ச வேண்டுவதில்லை, கழித்தலும் வகுத்தலும் அறிந்தார்க்கு இது போதும். ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். பழைய மருந்துக்கு ஆகும் செலவு ரூ. 10,000, அதனால் நோயாளி நலத்தோடு வாழ்வது 2 ஆண்டு. புதிய மருந்துக்கு ஆகும் செலவு ரூ. 1,10,000, நலவாழ்வு இரண்டரை ஆண்டு. விற்போன் என்ன சொல்லுவான்? ஒரு இலக்கத்துப் பதினாயிரத்தை இரண்டரையால் வகுத்து, 'ஓராண்டு வாழ்வுக்கு ரூ. 44,000 தானே' என்பான். அக்கணக்கு பிழை. புதிய மருந்து இல்லாவிடினும் பழைய மருந்தால் இரண்டு ஆண்டு கிடைத்தே தீரும். புதியதனால் மேலும் கிடைப்பது அரையாண்டு. மேலும் செலவாவது ஓரிலக்கம். எனவே மேலதிகமாகப் பெறும் ஓராண்டின் விலை இரண்டு இலக்கம். நாற்பத்து நாலாயிரத்திற்கும் இரண்டு இலக்கத்திற்கும் உள்ள தொலைவு, 'எதனோடு ஒப்பிட்டு?' என்ற ஒரு வினாவைக் கேட்பதற்கும் கேளாமைக்கும் உள்ள தொலைவே.

இது கற்பனையளவில் நிற்பதன்று. பெருங்குடற் புற்றுநோயை நாடுதற்காக மலத்திற் குருதி கலந்துளதா என ஆறு முறை தொடர்ந்து சோதித்தல் வேண்டும் என்னும் பரிந்துரை ஒன்று அமெரிக்காவில் நிலவியது. நியூஹவுசர், லெவிக்கி என்னும் இருவர் 1975-ஆம் ஆண்டில் அதனைக் கணக்கிட்டனர். ஆறு சோதனைகளையும் சேர்த்துச் சராசரி கண்டால், கண்டறியும் ஒரு நோயாளிக்கு ஆகும் செலவு ஏறத்தாழ 2,451 டாலர். ஆறாம் சோதனையை மட்டும் பிரித்து, அதனால் மேலும் ஒரு நோயாளியைக் கண்டறிய ஆகும் செலவைக் கணக்கிட்டால், 4 கோடியே 70 இலக்கம் டாலருக்கு மேல்! அவர் கொண்ட அடிப்படை எண்களைப் பின்னர் 1990-ஆம் ஆண்டில் வேறு அறிஞர் மறுத்தெழுதினர்; அம்மறுப்பையும் சேர்த்தே படித்தல் வேண்டும். சராசரியின் நிழலில் ஒளிந்திருப்பது எது என்று கேட்கக் கற்பிப்பதில் அக்கட்டுரைக்கு நிகர் அரிது.

இவ்விடத்திற் சிலர், 'இக்கலை பணத்தை மிச்சப்படுத்துவதற்கும், வேண்டுவார்க்கு மருந்தை மறுப்பதற்குமே பிறந்தது' என்பர். அது முழுவதும் சரியன்று. குறைப் பேறு நேரும் நிலையிலுள்ள தாய்மார்க்கு ஸ்டீராய்டு ஊசி போட்டால் பிறக்கும் குழவியின் நுரையீரல் வலுப்பெறும் என்பதை லிக்கின்ஸ், ஹோவி என்னும் நியூசிலாந்து மருத்துவர் 1972-ஆம் ஆண்டிலேயே ஆய்ந்து வெளியிட்டனர். விலை மலிந்த மருந்து. அடுத்து வந்த ஆராய்ச்சிகளும் அதனை வலியுறுத்தின. அவையெல்லாம் வெவ்வேறு ஏடுகளிற் சிதறிக் கிடந்தமையால், அவற்றைத் திரட்டி ஒருங்கே நோக்கியது 1989-இல்தான்; வழக்கத்திற் பரவ இன்னும் சில ஆண்டுகள் சென்றன. அவ்விடைக்காலத்தில் மூச்சுத் திணறி மாண்ட குழவிகளை எவர் கணக்கெடுத்தார்? சிதறிய சான்றுகளைத் திரட்டும் பணிக்கென 1993-ஆம் ஆண்டில் எழுந்த காக்ரேன் கூட்டுறவுக் கழகம், இவ்வாராய்ச்சிகளின் வரைபடத்தையே தன் இலச்சினையாகக் கொண்டது. பயனுள்ளதும் மலிந்ததுமான ஒன்று புறக்கணிக்கப்படும்போது அதனை எடுத்து முன்வைப்பதும் மதிப்பீட்டின் கடனே.

இனி நூல்களைப் பற்றிச் சிறிது கூறுவோம். சென்னை ஆராய்ச்சியைப் படித்தவர் அடுத்து எடுக்கத் தக்கது, 'டெஸ்டிங் ட்ரீட்மென்ட்ஸ்' என்னும் ஆங்கில நூல். 2006-ஆம் ஆண்டில் முதற்பதிப்பும் 2011-இல் இரண்டாம் பதிப்பும் வந்தன. ஆக்கியோருள் ஒருவரான அயன் சாமர்ஸ் மேற்கூறிய காக்ரேன் கழகத்தைத் தோற்றுவித்தோருள் ஒருவர். மற்றொருவரான ஹேசல் தோர்ன்டன் மருத்துவர் அல்லர், நோயாளர் பக்கம் நின்று பேசியவர். அதனால் அந்நூலின் நடை பொதுமக்கள் நடை. ஆராய்ச்சி நேர்மையானதா என்று காணும் வழிகளை அதனினும் தெளிவாகக் கூறும் நூலை யாம் கண்டிலேம். ஒரு மருந்து சாவைப் பாதியாகக் குறைத்தது என்னும் விளம்பரத்தை நாம் அடிக்கடி காண்கின்றோம். ஆயிரவர்க்கு இருவர் மாண்டது ஆயிரவர்க்கு ஒருவராகக் குறைந்தாலும் பாதியே. ஆயிரவர்க்கு நானூற்றுவர் மாண்டது இருநூற்றுவராகக் குறைந்தாலும் பாதியே. இத்தகைய மயக்கங்களை அறுப்பதற்கு இந்நூல் உதவும். இணையத்தில் விலையின்றிப் படிக்கலாம்.

அதன் பின்னர், துறை முழுவதையும் ஒரு பார்வையிற் காண விரும்புவார் கிளிஃபர்டு குட்மன் எழுதிய 'எச்.டி.ஏ. 101' என்னும் முன்னுரை நூலை எடுக்கலாம். அமெரிக்க தேசிய மருத்துவ நூலகத்தின் வாயிலாக வெளிவந்தது. 2014-ஆம் ஆண்டுப் பதிப்பு இருநூறு பக்கங்களுக்கு மேற்பட்டது. ஆராயும் பொருளைத் தெரிதல் தொடங்கி, முடிவின் விளைவைப் பின்னர் நோக்குதல் ஈறாகப் பத்துப் படிகளாக மதிப்பீட்டின் போக்கை வகுத்துரைப்பது அதன் சிறப்பு. நன்னூலைப் போலச் செறிவும் ஒழுங்கும் உடையது. நன்னூலைப் போலவே, ஆசிரியர் ஒருவர் அருகில் இல்லையேற் சில இடங்களில் வறண்டு தோன்றும். ஒரே மூச்சிற் படிக்க முயலாது, வேண்டும் இயலை வேண்டும்போது எடுத்து நோக்குதல் நன்று. முன்னர்க் குறித்த சொற்களஞ்சியத்தை இப்போது பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம்.

செலவுக் கணக்கை ஆழமாகக் கற்பார்க்கு டிரம்மண்டும் பிறரும் இயற்றிய பொருளாதார மதிப்பீட்டு நூல் இலக்கண முதனூலாக விளங்குகின்றது. 1987-இல் முதலில் தோன்றி, 2015-இல் நான்காம் பதிப்பை அடைந்தது. முழுவதையும் படித்தல் புதியார்க்கு இயலாது. எந்தக் கட்டுரையையும் சோதித்தற்குரிய பத்து வினாக்கள் அதன்கண் உள. அவற்றை மட்டும் ஏட்டில் எழுதி வைத்துக்கொள்ளுதல் போதும். ஐரோப்பிய நாட்டார் கூடி அமைத்த மாதிரிக் கட்டமைப்பு ஒன்றும் பார்க்கத் தக்கது. அது ஒரு மதிப்பீட்டுக்கு ஒன்பது கூறுகளை வகுக்கும். நோயும் அதற்கு இப்போதுள்ள மருத்துவமும், புதிய பொருளின் இயல்பு, தீங்கின்மை, மருத்துவப் பயன், செலவு, அறம், நிறுவன ஏற்பாடு, நோயாளியும் சமூகமும், சட்டம் என்பன அவை. செலவு ஒன்பதில் ஒன்றே என்பதைக் காண்க. ஐரோப்பிய ஒன்றியம் 2025 சனவரி 12 முதல் புதிய புற்றுநோய் மருந்து முதலியவற்றின் மருத்துவப் பயனைப் பொதுவாக மதிப்பிடத் தொடங்கியபோதும், செலவையும் அறத்தையும் அந்தந்த நாட்டார்க்கே விட்டது. மருந்தின் பயன் நாட்டுக்கு நாடு பெரிதும் மாறாது. பணப்பையும் மனச்சான்றும் மாறும் என்பது அவர் கருத்துப் போலும்.

அறம் என்று கூறினோம். இத்துறையில் மிக்க வாதத்திற்கு இடனாயிருப்பது அதுவே. வெவ்வேறு நோய்களின் மருந்தை ஒரே தராசில் நிறுத்தற்கு ஒரு பொது அலகு வேண்டும். அதற்கென அறிஞர் கண்டது 'தரம் சரிசெய்த வாழ்வாண்டு' என்பது. முழு நலத்துடன் வாழும் ஓராண்டுக்கு மதிப்பு ஒன்று, சாவுக்குச் சுழி. பாதி நலத்தோடு பத்தாண்டு வாழ்ந்தால் ஐந்து அலகு. நலத்தை எவ்வாறு அளப்பது? நடமாட்டம், தன்னைத்தான் பேணிக்கொள்ளுதல், அன்றாட வேலை, வலி, கவலையும் மனச்சோர்வும் என்னும் ஐந்தனையும் பற்றி வினவும் ஈக்யூ-5டி என்னும் வினாத்தாள் உலகெங்கும் வழங்குகின்றது. எந்நிலைக்கு எவ்வளவு மதிப்பு என்பதனை அந்தந்த நாட்டு மக்களைக் கேட்டே வகுப்பர். இந்திய மக்களைக் கேட்டு அமைத்த மதிப்பட்டவணை 2022-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. தமிழ் பயில்வார்க்கு இங்கே ஒரு வேலை உண்டு. மனச்சோர்வு என்று நாம் எழுதுவதை வயலில் வேலை செய்யும் மூதாட்டி என்ன சொல்லாற் கூறுவாள்? அவள் கூறும் சொல்லும் நாம் வினவும் சொல்லும் ஒன்றாகாவிடின், அவள் துன்பம் அட்டவணையில் ஏறாமலே போய்விடும்.

அலகைக் கண்டுவிட்டோம், இனி எல்லாம் கணக்கே என்று துணிந்தவர் பட்ட பாட்டை அமெரிக்காவின் ஆரிகன் மாகாணத்தில் காணலாம். அம்மாகாணம் 1987-இல் வறியார்க்கு உறுப்பு மாற்று அறுவைக்குப் பணம் வழங்குவதை நிறுத்தியது. அப்பணத்தைப் பலருக்குப் பயன்படும் எளிய மருத்துவத்திற் செலவிடக் கருதியது. பின்னர், எல்லா மருத்துவங்களையும் செலவும் பயனும் கணக்கிட்டு வரிசைப்படுத்தி, கையிலுள்ள பணம் எவ்வரி வரை போதுமோ அவ்வரி வரை வழங்குவதென்று முடிவு செய்தது. 1990-இல் முதல் வரிசை வெளிவந்தது. அதன்கண் பல்லுக்கு மூடி வைப்பது, உயிர் காக்கும் குடல்வால் அறுவைக்கு மேலே நின்றது! கணக்கிற் பெரும்பிழை இல்லாவிடினும் இது நிகழும். ஒரு சிறு நன்மை மிக மலிந்து, பலருக்குக் கிடைப்பதாயின், சிலரது உயிரை மீட்கும் பெருநன்மையை எண்ணளவில் அது வென்றுவிடும். மக்கள் நகைத்தனர், சினந்தனர். வரிசையைத் திருத்தியமைத்தனர். 1992-இல் ஐக்கிய அரசாங்கம், உடற்குறையுடையாரை இம்முறை தாழ்த்தி மதிப்பிடுகின்றது என்று அதனை ஏற்க மறுத்தது. மேலும் திருத்திய பின்னர் 1994-இலேயே திட்டம் நடைமுறைக்கு வந்தது.

உடற்குறையுடையார் எழுப்பிய அத்தடை எளிதில் விடுக்கத் தக்கதன்று. பார்வையற்ற ஒருவரின் ஓராண்டுக்கு ஒன்றுக்குக் குறைந்த மதிப்பே உண்டாயின், அவர் உயிரைக் காப்பதால் வரும் பயனும் குறைவென்று அக்கணக்கு காட்டும். அது முறையா? முறையன்று என்றே நம் உள்ளம் கூறுகின்றது. ஆனால் அலகே வேண்டா என்று எறிந்துவிட்டால், வலிமையாகக் குரலெழுப்புவாரும் செல்வாக்குடையாரும் முதலில் பெறுவர். ஊமைத் துன்பமுடையார் கடைசியில் நிற்பர். ஆகவே கணக்கையும் வைத்துக்கொண்டு, கணக்கு காணாதவற்றை வெளிப்படையாகப் பேசுதற்கு ஓர் அவையையும் வைத்துக்கொள்வதே செய்யத் தக்கது என யாம் கருதுகின்றோம்.

இவ்வகை அவைகள் இக்காலத்துப் பல நாடுகளில் உள. அமெரிக்க நாட்டு மன்றத்தின் தொழில்நுட்ப மதிப்பீட்டு அலுவலகம் 1972-இல் தோன்றி 1995-இல் மூடப்பெற்றது. ஆஸ்திரேலியா 1993 முதல், மருந்தைப் பொதுச்செலவிற் சேர்க்கக் கோருவார் செலவுக்கேற்ற பயனையும் காட்டல் வேண்டும் என விதித்தது. இங்கிலாந்தில் 1999-இல் எழுந்த நைஸ் என்னும் நிறுவனம், மேலும் பெறும் ஒரு வாழ்வாண்டுக்கு 20,000 முதல் 30,000 பவுன் வரை என்பதை நெடுங்காலம் எல்லையாகக் கொண்டிருந்தது. தாய்லாந்தில் 2007-இல் எழுந்த ஹைட்டாப் நம்மையொத்த வருவாயுடைய நாடுகட்கு அணுக்கமான எடுத்துக்காட்டு. 2014-இல் உலக சுகாதாரப் பேரவை இத்துறையை எல்லா நாடுகளும் வளர்த்தல் வேண்டுமெனத் தீர்மானித்தது. நம் நாட்டில் சுகாதார ஆராய்ச்சித் துறையின்கீழ் எச்.டி.ஏ.இன். என்னும் அமைப்பு 2017-இல் தோன்றியது.

இவ்விந்திய அமைப்பு ஆராய்ந்தவற்றுள், ஒருமுறைக்குமேற் பயன்படுத்தவொண்ணாத பாதுகாப்பு ஊசி, கண்புரை வில்லை, கருப்பைவாய்ப் புற்றுநோயை நாடும் சோதனை முதலியன உள. மேற்கூறிய நூல்களிற் சிறிது பழகியவர் இவற்றுள் ஓர் அறிக்கையை எடுத்துத் தாமே படித்துப் பார்ப்பாராக. சுருக்கவுரையில் உள்ள முடிவை முதலிற் படியாதிருத்தல் நன்று. அது கண்ணை மறைத்துவிடும். எதனோடு ஒப்பிட்டனர் என்னும் வரியைத் தேடுக. பிறகு எதனை அளந்தனர், எத்துணைக் காலம் நோக்கினர், எவர் பையிலிருந்து போகும் பணத்தைக் கணக்கிட்டனர் என்று காண்க. அரசின் செலவு மட்டும் எண்ணப்பட்டு, மருத்துவமனைக்கு வந்து போகும் பேருந்துக் கட்டணமும், துணைக்கு வந்தவர் இழந்த நாட்கூலியும் விடப்பட்டிருக்கலாம்; விட்டிருப்பின் அதனைக் குறித்துக்கொள்க. தனியே படிப்பதினும் மூவர் கூடிப் படித்தல் சிறந்தது. மருத்துவக் கல்லூரியில் பயிலும் நண்பர் ஒருவரும், பொருள்நூல் பயில்வார் ஒருவரும் அம்மூவருள் இருப்பாராயின், ஒருவர்க்கு விளங்காத சொல்லை மற்றவர் விளக்குவர். மூன்றாமவர் தமிழ் மாணவராகவே இருக்கலாம். மற்றை இருவரும் பேசி முடித்ததை, பணங் கொடுக்கும் குடும்பத்தார்க்கு விளங்கும் சொல்லால் ஒரு பக்கத்தில் எழுதித் தருவது அவர் பங்கு.